டாம்பாவில் இன்டீரியர் டிசைன் செய்ய லைசென்ஸ் வேண்டுமா?

கொங்குப்பெண் (டாம்பா, ப்ளோரிடா)

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் ஆறு வருடம் இன்டீரியர் வேலை பார்த்தவள் நான். பெரும்பாலும் அலுவலகங்கள், நடுவே இரண்டு நகைக்கடைகள். கல்யாணமாகி இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. கணவர் வேலை விசாவில் இருக்க, மனைவிக்குக் கிடைக்கும் எச்4 விசாவில் இருக்கிறேன்; வேலை செய்ய அனுமதி தரும் இஏடி அட்டை இப்போதுதான் கைக்கு வந்தது. கோயில் பழக்கத்தில் இரண்டு வீடுகள் செய்து கொடுத்தேன். பூஜை அறை, சமையலறை, அவ்வளவுதான்.

இப்போது நம் ஊர்க்காரர் ஒருவர், பல் மருத்துவர், ஸ்ட்ரிப் மாலில் 1,400 சதுர அடி இடம் பிடித்திருக்கிறார். முன்பு செல்போன் கடை இருந்த இடம். "நீயே டர்ன்கீயா முடிச்சுக் குடும்மா, நான் ஒரே செக்காகக் கொடுத்துடறேன்" என்கிறார். அதாவது டிசைனிலிருந்து வேலை முடித்துச் சாவி கொடுப்பது வரை எல்லாம் என் பொறுப்பு.

எனக்கும் ஆசைதான். ஆனால் போன வாரம் ஒரு வளைகாப்பில் பக்கத்து இலைக்காரர், "ப்ளோரிடாவில் லைசென்ஸ் இல்லாமல் இன்டீரியர் செய்தால் கேஸ் போடுவார்கள், ஆறு வருடம் ஆகும் லைசென்ஸ் வாங்க" என்று சொல்லிவிட்டுப் பாயசம் சாப்பிடப் போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

லைசென்ஸ் வேண்டுமா, என்ன செலவாகும், கோவை அனுபவம் செல்லுமா, விசிட்டிங் கார்டில் இன்டீரியர் டிசைனர் என்று போடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சும்மா_ஒருத்தன் (டல்லாஸ்)

சகோதரி, பயப்படாதீர்கள். வளைகாப்புக்காரர் பழைய பஞ்சாங்கம் வாசித்திருக்கிறார்.

ப்ளோரிடாவில் 1994-லிருந்து அப்படி ஒரு சட்டம் இருந்தது உண்மைதான். படிப்பும் அனுபவமும் சேர்த்து ஆறு வருடம், அதற்கு மேல் ஒரு தேசியத் தேர்வு. வீடுகளுக்கு அப்போதும் விலக்கு உண்டு. அலுவலகம், ஹோட்டல், கடை என்றால் மாட்டிக்கொள்வார்கள். 2009-ல் சில டிசைனர்கள் வழக்குப் போட்டார்கள். 2010-ல் மாவட்ட நீதிபதி, "இன்டீரியர் டிசைனர் என்று ஒருவர் தன்னைச் சொல்லிக்கொள்வதைத் தடுக்க முடியாது, அது பேச்சுரிமை" என்றார். ஆனால் வேலைக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற பகுதி 2011-ல் மேல்முறையீட்டிலும் நின்றுவிட்டது. கடைசியில் 2020 ஜூலை 1 முதல் சட்டமன்றமே அதைத் தூக்கிப் போட்டது. இப்போது இருப்பது விருப்பப் பதிவு மட்டும்.

இந்தக் கூத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. லைசென்ஸை எடுக்கலாமா என்று 2011-ல் ப்ளோரிடா சட்டமன்றக் குழு விசாரித்தபோது, ஒரு டிசைனர் எழுந்து, எடுத்தால் ஆண்டுக்கு 88,000 சாவுகளுக்குத் துணைபோவீர்கள் என்று சாட்சி சொன்னார். மருத்துவமனையில் திரைத்துணி, மெத்தைத்துணி தவறாகத் தேர்ந்தால் நோய் தொற்றுமாம். சோபா துணியில் 88,000 பிணம்!

2012-ல் இன்ஸ்டிட்யூட் ஃபார் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு 102 தொழில்களை ஒப்பிட்டது. ப்ளோரிடாவில் வழக்கை நடத்தியவர்களும் அவர்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் கேட்ட இடங்களில் இன்டீரியர் டிசைனருக்குச் சராசரியாக 2,190 நாள் படிப்பும் பயிற்சியும், 364 டாலர் கட்டணமும். ஆம்புலன்சில் வந்து உயிர் காப்பாற்றுகிறவருக்கு 33 நாள். தொழிலுக்குள் இருக்கிறவர்கள் வாசலைச் சாத்திக்கொள்ளப் போட்ட சட்டம், வேறொன்றும் இல்லை.

தைரியமாக எடுத்துச் செய்யுங்கள்.

---

பழைய_ஆர்க்கி (ஆர்லாண்டோ)

தம்பி சொன்ன வரலாறு சரி. "தைரியமாக எடுத்துச் செய்யுங்கள்" என்பதுதான் இடிக்கிறது.

அம்மா, 30 வருடமாக இந்த மாநிலத்தில் படம் போட்டுப் பெர்மிட் வாங்குகிறவன் நான். டிசைன் செய்ய உங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அந்தப் பல் க்ளினிக்குக்குப் பெர்மிட் வேண்டும். செல்போன் கடையை க்ளினிக்காக்க வேண்டுமானால் சுவர் எழுப்ப வேண்டும், நாற்காலி நாற்காலியாகத் தண்ணீர், சக்‌ஷன், காற்றுக் குழாய் போக வேண்டும், அதற்குப் பெரும்பாலும் காங்கிரீட் தரையை அறுக்க வேண்டும். அந்த வரைபடத்தை பில்டிங் டிபார்ட்மென்டில் கொடுக்கும்போது யாருடைய முத்திரை இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஆர்க்கிடெக்ட் முத்திரை இருக்கலாம். ரெஜிஸ்டர்டு இன்டீரியர் டிசைனர் என்றால், கட்டடத்தின் தாங்கும் பாகத்தைத் தொடாத உள்வேலைக்கு அவருடைய முத்திரையும் செல்லும். 2020-க்குப் பிறகு அந்தப் பதிவுக்கு இருக்கும் மதிப்பே இந்த முத்திரைதான். மற்றபடி அது சுவரில் மாட்டும் ஃப்ரேம் போட்ட காகிதம்.

ஆகவே "லைசென்ஸ் வேண்டுமா" என்று கேட்காதீர்கள். "படத்தில் யார் முத்திரை வைப்பது" என்று கேளுங்கள்.

முத்திரை வைக்கிறவன் என்ன பார்க்கிறான் என்று தம்பிக்கும் சொல்கிறேன். சோபா நிறத்தை அல்ல. நடைபாதையின் அகலம்: 50 பேருக்குக் குறைவாகப் புழங்கினால் 36 அங்குலம், அதற்கு மேல் 44. கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி திரும்ப 60 அங்குல வட்டம். கதவு திறந்தால் 32 அங்குலம் தெளிவாக வழி. சுவரில் ஒட்டும் பொருள் தீயை எவ்வளவு வேகமாகப் பரப்பும் என்ற எண்: 25 வரை ஏ வகுப்பு, 75 வரை பி, 200 வரை சி. எந்த வகுப்பை எந்த இடத்தில் ஒட்டலாம் என்று பில்டிங் கோடில், அதாவது கட்டட விதித்தொகுப்பில், அட்டவணையே இருக்கிறது.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு சின்ன அலுவலக வேலை. ரிசெப்ஷன் மேசை 42 அங்குல உயரம், அரைவட்டம், மேலே குவார்ட்ஸ் கல். பார்க்க ராஜா தர்பார் போல இருக்கும். இன்ஸ்பெக்டர் வந்தார், டேப்பை எடுத்தார், 36 அங்குலத்துக்கு மேல் போகாத பகுதி எங்கே என்றார். சக்கர நாற்காலியில் வருகிறவர் கையெழுத்துப் போட அது கட்டாயம். நான் படத்தில் போட்டிருந்தேன். "அழகு கெடுகிறது" என்று உரிமையாளர் கார்பெண்டரிடம் சொல்லி மாற்றிவிட்டார், நான் நேரில் போய்ப் பார்க்காமல் விட்டேன். குவார்ட்ஸை அறுக்க முடியாமல் மொத்தப் பலகையையும் கழற்றி வேறு போட்டோம். பாதிப் பணம் என் கையிலிருந்து.

---

வேகாஸ்வாசி (ஹெண்டர்சன், நெவாடா)

ஐயா சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை. சும்மா_ஒருத்தன் கேலி செய்கிறார், சரி. எங்கள் ஊரில் 1980 நவம்பர் 21 அன்று எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல் எரிந்தது. 85 பேர் செத்தார்கள். தீ பிடித்தது கீழே உணவகத்தில், கேசினோ வழியாக ஓடியது. ஆனால் பெரும்பாலானவர்கள் மேல்மாடிகளில் புகையில் மூச்சுத்திணறிச் செத்தார்கள். அலங்காரத்துக்குப் போட்ட பிளாஸ்டிக், பசை, சுவர்ப்பொருள் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் புகை. 2003-ல் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் நைட் க்ளப்பில் 100 பேர். மேடையைச் சுற்றிச் சத்தத்தை அடக்க ஒட்டிய ஃபோம்தான் எமன்.

நெவாடா இன்னும் லைசென்ஸ் வைத்திருக்கிறது. லூசியானாவும் வாஷிங்டன் டிசியும் அப்படியே. இங்கே வணிக இடத்தில் இன்டீரியர் டிசைன் செய்ய போர்டில் பதிவு வேண்டும். நான் பதிவு செய்தவள். ஆறு வருடம் வீணாகப் போனதாக ஒருநாளும் தோன்றியதில்லை.

---

சும்மா_ஒருத்தன் (டல்லாஸ்)

அக்கா, இறந்தவர்களை வைத்து வாதாட விருப்பமில்லை. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். தீ 1980-ல். அடுத்த வருடமே நெவாடா பழைய உயர்ந்த ஹோட்டல்களிலும் ஸ்பிரிங்க்ளர் (தீ பிடித்தால் கூரையிலிருந்து தானே தண்ணீர் தெளிக்கும் குழாய்) போட வேண்டும் என்று சட்டம் போட்டது. டிசைனர் சட்டம் வந்தது 1995-ல். ஹோட்டல் அறையில் நிம்மதியாகத் தூங்க வைப்பது ஸ்பிரிங்க்ளரா, டிசைனரின் பதிவு எண்ணா?

அலபாமாவும் இப்படித்தான் முழு லைசென்ஸ் சட்டம் போட்டது. பொதுநன்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 2007-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றமே அடித்துவிட்டது.

---

வேகாஸ்வாசி (ஹெண்டர்சன், நெவாடா)

ஸ்பிரிங்க்ளர் இருந்தால் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று பில்டிங் கோடு சொல்லவில்லையே தம்பி. பொருளைத் தேர்வு செய்கிறவருக்கு அந்த அட்டவணை வாசிக்கத் தெரிய வேண்டும் என்கிறேன். அதை எப்படி உறுதி செய்வீர்கள்?

---

சும்மா_ஒருத்தன் (டல்லாஸ்)

பெர்மிட் கொடுக்கிறவர் பார்ப்பார். அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறார்.

---

பழைய_ஆர்க்கி (ஆர்லாண்டோ)

பார்ப்பார். ஒரு படத்துக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

---

தச்சுப்பட்டறை (வளசரவாக்கம், சென்னை)

அமெரிக்கப் பஞ்சாயத்தில் சென்னைக்காரன் மூக்கை நுழைக்கலாமா? சுவாரசியமாக இருப்பதால் நுழைக்கிறேன்.

இங்கே இன்டீரியர் டிசைனருக்கு லைசென்ஸும் இல்லை, பதிவும் இல்லை. ஆர்க்கிடெக்டுக்கு 1972 சட்டம் இருக்கிறது, கவுன்சில் இருக்கிறது. அந்தச் சட்டமும் "ஆர்க்கிடெக்ட்" என்ற பெயரைத்தான் காக்கிறது, வேலையை அல்ல என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே நீங்கள் பெயரா வேலையா என்று மல்லுக்கட்டுகிறீர்களே, அதே சண்டைதான்.

ஆனால் வருமான வரிக்காரர்கள் மட்டும் எங்களை மதிக்கிறார்கள். கணக்குப் புத்தகம் வைக்க வேண்டிய தொழில்கள் என்று ஒரு பட்டியல் உண்டு: மருத்துவர், வக்கீல், பொறியாளர், ஆர்க்கிடெக்ட், அந்த வரிசையில் இன்டீரியர் டெகரேஷனும் இருக்கிறது! ஃபீஸில் 10 சதவீதம் டிடிஎஸ், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. வாங்கும்போது டாக்டர் வரிசை. மற்ற நேரத்தில் யாரோ எவரோ.

லைசென்ஸ் இல்லாததால் என்ன ஆகிறது என்றால், ஃபீஸ் என்று தனியாகக் கேட்டால் வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். "படத்துக்கா காசு?" அதனால் பலர் டிசைனை இலவசம் என்று சொல்லிவிட்டு ப்ளைவுட் கடையிலும் லேமினேட் கடையிலும் கமிஷன் வாங்கிக்கொள்கிறார்கள். தண்ணீர் தாங்கும் 19 எம்எம் பிடபிள்யூபி ப்ளைவுட் என்று பில் போட்டு, லேசான ஈரம் மட்டும் தாங்கும் எம்ஆர் ப்ளை இறங்கும். சிங்க் அடியில் இரண்டு மழைக்காலம் தாங்காது. நான் பட்டறைக்காரன், கதவு ஊதிப்போனதும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

தீயைப் பற்றிப் பேசினீர்கள். 2004-ல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொன்னார்கள். கூரை போடுகிறவருக்கு லைசென்ஸ் கொடுக்கவில்லை. டல்லாஸ் தம்பி பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆனால் அந்தக் கட்டடத்துக்கும் யாரோ ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டுத்தானே வைத்திருந்தார் என்று நினைத்தால் அந்தச் சாய்வும் நிற்பதில்லை.

---

ஃப்ரீமாண்ட்_கலா (கலிஃபோர்னியா)

இவ்வளவு நேரம் எல்லோரும் டிசைன் லைசென்ஸைப் பற்றியே பேசிவிட்டீர்கள். அந்தப் பெண் எழுதிய ஒரு வார்த்தையை யாருமே பிடிக்கவில்லை. டர்ன்கீ!

கண்ணு, நன்றாகக் கேள். உனக்கு ஆபத்து இன்டீரியர் சட்டத்தில் இல்லை, கான்ட்ராக்டர் சட்டத்தில் இருக்கிறது. நம் ஊரில் டிசைனர் என்றால் கார்பெண்டர், எலக்ட்ரீஷியன், பெயின்டர் எல்லோரையும் தானே பிடித்து, தானே கூலி கொடுத்து, வீட்டுக்காரரிடம் மொத்தமாக வாங்குவதுதான் வழக்கம். இங்கே அப்படிச் செய்த கணமே நீ டிசைனர் இல்லை, லைசென்ஸ் இல்லாத கான்ட்ராக்டர்.

என் மாநிலத்தில் டிசைன் செய்ய யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம். "சர்டிஃபைடு இன்டீரியர் டிசைனர்" என்ற பட்டம் 1990 சட்டத்தில் வந்தது. அதற்குத் தனித் தேர்வு, வேண்டுமானால் எழுதலாம். ஆனால் 2024 வரை 500 டாலர் வேலையை ஒப்புக்கொண்டு செய்தாலே கான்ட்ராக்டர் லைசென்ஸ் கேட்டார்கள். 2025-லிருந்து அந்த வரம்பை 1,000 ஆக்கியிருக்கிறார்கள், அதுவும் பெர்மிட் தேவைப்படாத, ஆள் வைக்காத வேலைக்கு மட்டும். ஒரு பாத்ரூம் கண்ணாடியும் விளக்கும் மாட்டினாலே தாண்டிவிடும்.

உன் ப்ளோரிடாவில் பெயின்ட், தரை, கேபினெட் போன்ற வேலைகளுக்கு ஊர் ஊராகக் கேட்ட லைசென்ஸுகளை 2021 சட்டம் தடுத்துவிட்டது. அது வரை சரி. சுவர், குழாய், மின்சாரம் என்று போனால் மாநில லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான். இல்லாமல் ஒப்பந்தம் போட்டால் முதல் தடவையே கிரிமினல் குற்றம், மறுபடி செய்தால் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். நீ எச்4-ல் இருக்கிறாய். விசா நேர்காணலில் அதை எப்படி விளக்குவாய்?

அதனால் டாக்டர் அங்கிளிடம் தெளிவாகச் சொல்லிவிடு. டிசைன் ஒப்பந்தம் உன்னோடு. கட்டுமான ஒப்பந்தம் கான்ட்ராக்டரோடு, அவர் நேராகக் கையெழுத்துப் போடட்டும், நேராகப் பணம் கொடுக்கட்டும். ஒரே செக் என்ற பேச்சே வேண்டாம்.

ஃபீஸ் விஷயத்திலும் ஒன்று. மணிக்கணக்கா, சதுர அடியா, மொத்தத்தில் சதவீதமா, எதுவாக இருந்தாலும் முதல் பக்கத்தில் எழுது. நாற்காலி, விளக்கு நீ வாங்கி விற்றால் விற்பனை வரிப் பதிவு வேண்டும். அப்புறம், நியூயார்க் பக்கம் வேலை வந்தால் அங்கே டெகரேஷன் ஃபீஸுக்கே சேல்ஸ் டாக்ஸ் உண்டு, மறந்துவிடாதே.

---

பழைய_ஆர்க்கி (ஆர்லாண்டோ)

கலா அம்மா சொன்னதுதான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது. டர்ன்கீ என்ற சொல் என் கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை.

---

மில்லிமீட்டர்_மீனா (ஷார்லட், வட கரோலினா)

தேர்வைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் எழுதியவள், சொல்கிறேன்.

என்சிஐடிகியூ என்ற தேர்வுதான் அநேகமாக எல்லா மாநிலங்களிலும் செல்லும். 1974-ல் ஆரம்பித்த கவுன்சில் நடத்துகிறது. நான் எழுதியபோது ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும், மூன்று தாள்: அடிப்படைத் தாளில் 3 மணி நேரத்தில் 125 கேள்வி; தொழில் தாளில் 4 மணி நேரத்தில் 175; மூன்றாவது ப்ராக்டிகம் என்ற செய்முறைத் தாள், அதுவும் 4 மணி நேரம். அடிப்படைத் தாளை மட்டும் அனுபவம் இல்லாமலே எழுதலாம். மற்றதற்கு, பட்டம் இருந்தால் 3,520 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும், அதுவும் தகுதியுள்ளவர் மேற்பார்வையில். படிப்பில் இன்டீரியர் பாடம் மட்டும் 60 கிரெடிட் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டத்தை மதிப்பீடு செய்யக் கொடுக்கும்போது இந்த 60-ல்தான் பலர் தட்டிப்போகிறார்கள். உடனே உன் கல்லூரிப் பாடத்திட்டத்தை எழுதி வாங்கு. வெறும் மார்க் ஷீட் போதாது, ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் என்று வேண்டும். எனக்கு அந்த ஒரு கடிதத்துக்கு அப்பா மூன்று தடவை கல்லூரிக்கு நடந்தார்; "எச்ஓடி லீவு" என்பார்கள், போன் செய்தால் எடுக்க மாட்டார்கள்.

செலவு: மூன்று தாளுக்கும் சேர்த்து ஆயிரம் டாலருக்கு மேல். விண்ணப்பக் கட்டணம், பட்ட மதிப்பீடு தனி. தோற்றால் அந்தத் தாளுக்கு மறுபடி முழுக் கட்டணம். இதோடு ஒப்பிட்டால் மாநிலக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

ப்ராக்டிகத்தில் முதல் தடவை கோட்டை விட்டேன். கேள்வியைச் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், காரணத்தைச் சொல்லலாம். மில்லிமீட்டரிலேயே வளர்ந்த கை. கதவு 2100, மேடை 850 என்றால் கண்ணை மூடிக்கொண்டு கோடு போடுவேன். அடி அங்குலத்தில் ஒவ்வொன்றையும் மனதுக்குள் 25.4-ஆல் பெருக்கிப் பார்த்தே நேரம் போய்விட்டது. அப்புறம் ஆறு மாதம் வீட்டில் எதைப் பார்த்தாலும் டேப்பில் அங்குலம் பார்த்தேன். இட்லிப் பானை 9 அங்குலம்.

இங்கே வட கரோலினாவிலும் 2021-ல் பதிவுச் சட்டம் வந்தது. வந்த பிறகுதான் என் பெயரில் முத்திரை. முதல் தடவை வைத்தபோது கை நடுங்கியது, மறைப்பதற்கில்லை.

---

சும்மா_ஒருத்தன் (டல்லாஸ்)

டர்ன்கீ விஷயம் எனக்குத் தெரியாது, கலா அக்காவுக்கு நன்றி. "தைரியமாக எடுத்துச் செய்யுங்கள்" என்றதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 88,000 விஷயத்தைத் திரும்பப் பெற மாட்டேன்.

---

வேகாஸ்வாசி (ஹெண்டர்சன், நெவாடா)

அந்த 88,000 எனக்கும் மானக்கேடுதான் தம்பி. அதை வைத்துக்கொள்ளுங்கள்.

---

கொங்குப்பெண் (டாம்பா, ப்ளோரிடா)

பத்து நாளாக இழையை வாசித்துக்கொண்டே இருந்தேன், எழுத நேரமில்லை. எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் அங்கிளுக்கு முதலில் கோபம். "நான் உன்னை நம்பித்தான் கொடுக்கிறேன், எவனோ கான்ட்ராக்டர் எதுக்கு" என்றார். கலா அக்கா எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். ஃபெலனி என்ற சொல் வந்ததும் அமைதியாகிவிட்டார். கட்டுமான ஒப்பந்தம் அவரும் கான்ட்ராக்டரும். முத்திரைக்கு இங்கேயே ஒரு ஆர்க்கிடெக்ட் கிடைத்தார். ஆனால் நான் போட்ட படத்தில் அப்படியே முத்திரை வைக்க மாட்டாராம், தன் மேற்பார்வையில் ஆரம்பத்திலிருந்து போட வேண்டும் என்கிறார். மணிக்கணக்கில் சம்பளம் தருகிறார். அந்த மணிகளைக் குறித்து வைக்கிறேன் மீனா அக்கா, 3,520-ல் சேருமா என்று கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

கல்லூரிக் கடிதத்துக்கு அம்மா போயிருக்கிறார். எச்ஓடி லீவு.

ரிசெப்ஷன் மேசையை 34 அங்குலத்தில் போட்டிருக்கிறேன், முழு நீளத்துக்கும். அங்கிள் இன்னும் பார்க்கவில்லை.

---

பழைய_ஆர்க்கி (ஆர்லாண்டோ)

பார்த்த பிறகு கார்பெண்டரிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டே இரு. கார்டில் "இன்டீரியர் டிசைனர்" தாராளமாகப் போடலாம். முன்னால் "ரெஜிஸ்டர்டு" மட்டும் வேண்டாம், முத்திரை வரட்டும்.

---

தச்சுப்பட்டறை (வளசரவாக்கம், சென்னை)

குறைவாக அச்சடி. நூறு போதும்.